தவிலைக் கொஞ்சம் குறைச்சுடுங்க, தம்பி

ஆடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கல்யாண வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. பின்னணிக் குரல் எடுப்பதற்காக இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று மேசையில் கிடந்தது. ஒரு மைக்கை அதில் செருகிப் பேசினால் கம்ப்யூட்டரில் ட்ராக்காக விழும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை, எங்கள் தெரு நாகஸ்வரக்காரர் வந்து கேட்கும்வரை.

ஐயாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒரு நாள் மாலை செட்டோடு வந்துவிட்டார். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் போட ஒரு பையன், சுருதிப் பெட்டி. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை ஒருதரமாவது ஒழுங்காகப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. "செல்லுல எடுத்தா எல்லாம் இரைச்சலாத்தான் இருக்கு தம்பி." கூடத்தில் ஜமக்காளத்தை விரித்தேன். இருந்த இரண்டு மைக்கில் ஒன்றை நாகஸ்வரங்களுக்கு எதிரிலும் இன்னொன்றைத் தவில்களுக்கு எதிரிலும் நிறுத்தினேன். வாத்தியத்துக்கொரு மைக் கொடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

வாசித்து முடித்ததும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். "நல்லா வந்திருக்கு. தவிலைக் கொஞ்சம் குறைச்சுடுங்க தம்பி, அவ்வளவுதான்."

தவில் ட்ராக்கை இறக்கினேன். தவில் இறங்கவில்லை. நாகஸ்வரத்துக்கு எதிரில் வைத்த மைக்கிலேயே அது தாராளமாகப் புகுந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் இறக்கினேன். கணீரென்ற நாதம் போய், பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல் மொத்தென்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். சில ஸ்தாயிகளை மட்டும் குறைக்கும் ஈக்யூவில் குடைந்து பார்த்தேன், நாகஸ்வரத்துக்கும் சேர்த்து மூக்கடைத்துக்கொண்டது. அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், "சரி விடுங்க, இதுவே இருக்கட்டும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்றிரவே நான் எட்டு சேனல் பெட்டிகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

தேடினால் முதலில் கிடைக்கிற அறிவுரை, வீட்டு ஸ்டுடியோவுக்கு இரண்டு சேனலே போதும் என்பது. ஒருவரை முதலில் பதிவு செய், அடுத்தவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தன் பங்கை வாசிக்கட்டும், இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போ. கீபோர்டு, கிட்டார், பாட்டு என்று தனித்தனியாகச் செய்கிறவர்களுக்கு இது சரியான யோசனைதான். பணத்தை மிச்சப்படுத்தும். நானும் பெட்டி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்த்தேன். ஐயாவைத் தனியாக வாசிக்க வைத்து எடுத்துக்கொண்டு, மறுநாள் தவில்காரரை அழைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். இரண்டு ஆவர்த்தனம் வாசித்தார். நிறுத்தினார். திரும்ப ஆரம்பித்தார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றித் தவில்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன் எங்க முடிக்கப் போறாருன்னு முகத்தைப் பார்த்தாத் தெரியும். இதுக்குள்ள முகம் இல்லையே."

அவர் சொன்னது நம் சங்கீதம் முழுவதற்கும் பொருந்தும். பாடுகிறவர் ஒரு சங்கதியை நீட்டினால் வயலின் நிழல்போலப் பின்னால் போகும். கல்பனாஸ்வரத்தில் இவர் விட்ட இடத்தில் அவர் எடுப்பார். மிருதங்கக்காரர் பாடகரின் மூச்சைப் பார்த்துத்தான் தீர்மானம் என்ற முடிப்பை வைப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்தால்தான் நடக்கிற காரியம் இது. ஆகவே எத்தனை பேர் சேர்ந்து வாசிப்பார்களோ அத்தனை பேரையும் ஒரே மூச்சில் தனித்தனி ட்ராக்காகப் பிடிக்கிற பெட்டி நமக்கு ஆடம்பரம் இல்லை. கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, என் கூடத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள் என்பதுதான்.

நான் ஒரு பழைய டைரியில் கணக்குப் போட்டேன். மேள செட்டுக்கு நாகஸ்வரம் இரண்டுக்கும் இரண்டு மைக். தவிலுக்கு ஒரு மைக் போதாது. வலந்தலையில், அதாவது வலது பக்கம், விரலில் மாட்டிய கூடுகள் விழும் சத்தம் வேறு, இடது பக்கம் கழி விழும் சத்தம் வேறு. ஒன்று சுள்ளென்று இருக்கும், மற்றது அடிவயிற்றில் கேட்கும். ஆக ஒரு தவிலுக்கு இரண்டு, இரண்டு தவிலுக்கு நான்கு. மொத்தம் ஆறு. கூடத்தின் நாதத்தை மொத்தமாகப் பிடிக்கச் சற்றுத் தள்ளி ஒரு ஜோடி. எட்டு. சுருதிப் பெட்டி அந்த ஜோடியிலேயே வந்துவிடும். தாளத்துக்கு மைக்கே வேண்டாம். அதை எங்கே உட்கார வைத்தாலும் எல்லா மைக்கிலும் வந்து சேரும், ரேழிப் பக்கமாகத் தள்ளி உட்கார வைப்பதுதான் அதற்கு மிக்ஸிங். வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கும் போட்டுப் பார்த்தேன். குரல் ஒன்று, வயலின் ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடம் ஒன்று, தம்புரா ஒன்று, கூடத்துக்கு இரண்டு. அங்கேயும் எட்டுதான்.

நான்கு சேனல் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மனசு அலைந்தது உண்மை. பெரிஞ்சர் யூஎம்சி 404 மாதிரி நான்கு மைக் பெட்டிகள் ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் என்ற அளவுக்கு அழகாகப் போதும். வீணைத் தனிக்கச்சேரி மட்டும்தான் பதிவு செய்யப் போகிறேன் என்றால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். என் வாசலில் நிற்பதோ மேளம்.

சரி, எட்டு என்று முடிவாயிற்று. அடுத்து பெட்டிமேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 18 உள்ளீடு, 8 வெளியீடு என்று பார்த்ததும் பதினெட்டு மைக் மாட்டலாம் என்று நினைத்து ஒன்றைக் கிட்டத்தட்ட ஆர்டரே போட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. விவரப் பக்கத்தை முழுதாகப் படிக்கவில்லை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 பெட்டியின் மூன்றாம் தலைமுறையை எடுத்துக்கொண்டால், அந்த 18ல் மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் மைக் ப்ரீஆம்ப் 4, லைன் உள்ளீடு 4, ஒளியிழை வழியாக வரும் அடாட் 8, எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் உள்ளீடு 2. கூட்டினால் 18 சரியாக வருகிறது. மைக் மாட்ட முடிவது நான்குதான். அதே வரிசையில் 18ஐ20 என்ற பெட்டியில் மைக் ப்ரீஆம்ப் 8 உண்டு. பெரிஞ்சர் யூஎம்சி 1820லும் 8 உண்டு. எனவே மொத்த எண்ணை விட்டுவிட்டு, மைக் ப்ரீஆம்ப் எத்தனை என்ற ஒரு வரியை மட்டும் முதலில் தேடுங்கள். பெட்டியின் படத்தில் மைக் செருகும் வட்டத் துளைகளை விரல்விட்டு எண்ணினாலும் சரிதான்.

இங்கே வேறு சில குழிகளும் உண்டு. பந்தல் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர், "எதுக்குத் தனியா வாங்கற? யூஎஸ்பி போட்ட பன்னெண்டு சேனல் மிக்ஸர் இருக்கு, எடுத்துக்க" என்றார். நல்ல மனசு. வயரை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தால், பன்னிரண்டும் உள்ளேயே கலந்து இடது, வலது என்று இரண்டே ட்ராக்காக வெளியே வந்தது. யூஎஸ்பி வைத்த மிக்ஸர்கள் பலவும் இப்படித்தான். ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் எனக்கு மல்லாரியில் நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். கலந்த பிறகு பிரிக்க முடியாது, சாம்பாரிலிருந்து புளியை எடுக்கிற கதை.

இன்னொருவர் எட்டு சேனல் பெட்டி ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்றார். பார்த்தால் ஃபயர்வயர், யூஎஸ்பி மாதிரி ஒரு பழைய இணைப்பு. அந்தக் காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களில் இருந்த தரமான சாமான்தான், ஆனால் இன்றைய லேப்டாப்பில் அதை மாட்ட வாயே கிடையாது. அடாப்டர்மேல் அடாப்டர் போட்டு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நான்கு சேனல் பெட்டிகள் இரண்டை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மேக் கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற வசதி இருக்கிறது. விண்டோஸில் பெட்டிக்கும் பதிவு சாஃப்ட்வேருக்கும் இடையில் நிற்கும் அசியோ டிரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பெட்டியோடுதான் பேசும். அப்படியே சேர்த்தாலும் இரண்டு பெட்டிக்குள்ளும், ஒலியை அளக்கும் வேகத்தை வைத்திருக்கும் கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது. ஒத்துப்போகாவிட்டால் நேரம் ஆக ஆக ட்ராக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்.

நான்கில் ஆரம்பித்துப் பிறகு எட்டாக்க ஆசைப்படுகிறவர்கள் அடாட் உள்ளீடு இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கலாம். ஒரு மெல்லிய ஒளியிழை வயரில் எட்டு சேனல் வந்துவிடும். மறுமுனையில் பெரிஞ்சர் ஏடிஏ 8200 போன்ற எட்டு மைக் ப்ரீஆம்ப் பெட்டியை மாட்ட வேண்டும். இதில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. எட்டு சேனல் என்பது ஒலியை அளக்கும் வேகம் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கும்போதுதான், 96க்குப் போனால் அதே வயரில் நான்காகிவிடும். அப்புறம், இரண்டு பெட்டிகளில் ஒன்று தலைவன், மற்றது தொண்டன் என்று கடிகாரத்தை அமைக்க வேண்டும். மறந்தால் பதிவு முழுக்க டிக், டிக் என்று பொரியும்.

என் கையில் இருந்தது 40,000 ரூபாய். அதில் பெட்டி மட்டும் வாங்கினால் ஆகாது. மைக், ஸ்டாண்டு, வயர் எல்லாம் எட்டெட்டு வேண்டும். இந்தக் கணக்கைப் பலர் கடைசியில்தான் போடுகிறார்கள், நானும் அப்படித்தான். அதனால் திருச்சியில் தெரிந்தவர் ஒருவர் பயன்படுத்திய எட்டு மைக் யூஎஸ்பி பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டேன். பெயர் வேண்டாம், இப்போது கடையில் வராத மாடல். பணத்தைக் கொடுக்கும் முன் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவர் ஏறுகிறதா, எட்டு துளையிலும் சிக்னல் வருகிறதா, குமிழ்களைத் திருகும்போது கரகரக்கிறதா என்று பார்த்தேன். பழைய பெட்டி வாங்குவதில் டிரைவர்தான் உயிர். கம்பெனி கைவிட்டுவிட்ட மாடல் என்றால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் அது வெறும் டப்பா ஆகலாம். யூஎஸ்பி 2 தானே என்று மட்டும் தள்ளிவிட வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனலுக்கு நொடிக்கு 9.2 மெகாபிட் போதும். யூஎஸ்பி 2ன் கொள்ளளவு 480. குளத்தில் ஒரு குடம் மொண்ட மாதிரிதான்.

முதல் சோதனைக்கு ஐயாவை மட்டும் கூப்பிட்டேன். நரசிங்கம்பேட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐயா கையில் இருப்பதும் அந்த ஊர்ப் பட்டறையில் செய்ததுதான். நான்கு வீதியும் கேட்பதற்கென்று பிறந்த வாத்தியத்தைப் பதினெட்டு அடிக் கூடத்தில் வைத்து ஊதினால் என்னாகும்? சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு. சிக்னலைத் தூக்கும் கெயின் குமிழைக் குறைத்தேன், சிவப்பு. சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், அப்போதும் சிவப்பு. பதிவைப் போட்டால் உச்சியெல்லாம் வெட்டுப்பட்டு, கிழிந்த ஸ்பீக்கர்போலக் கேட்டது.

அன்றுதான் பேட் என்ற பொத்தானின் அருமை தெரிந்தது. மைக்கிலிருந்து வரும் சிக்னலை ப்ரீஆம்புக்குள் போகும் முன்பே 10 அல்லது 20 டெசிபல் குறைத்து அனுப்பும் வசதி அது. மென்மையாகப் பாடுகிறவர்களை மனதில் வைத்து விற்கப்படும் பெட்டிகளில் இது இல்லாமலும் இருக்கும். என் பெட்டியில் முதல் இரண்டு சேனலுக்கு மட்டும் இருந்தது. நாகஸ்வரம் இரண்டும் அங்கே போயின. விவரப் பக்கங்களில் ப்ரீஆம்ப் எவ்வளவு அமைதியானது, எத்தனை டெசிபல் தூக்கும் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மேளத்துக்கு வேண்டியது எதிர்த் திசை: கெயினைக் கீழே வைத்தால் எவ்வளவு பெரிய சத்தத்தை உடையாமல் வாங்கும்? அதிகபட்ச மைக் உள்ளீடு என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பேட் இல்லாத பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்குப் பதில், அவ்வளவு உணர்திறன் இல்லாத ஷ்யூர் எஸ்எம் 57 போன்ற டைனமிக் மைக் வைக்கலாம், அல்லது மைக்கைத் தள்ளி வைக்கலாம். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். கூடத்துக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும் பலன் தெரியும்.

மைக் வயர் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பேண்டம் பவர் சுவிட்சும் கவனிக்க வேண்டிய சமாச்சாரம். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், டைனமிக்குக்கு வேண்டாம். சில பெட்டிகளில் சேனலுக்குச் சேனல் தனி சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் நான்கு சேனலுக்கும் சேர்த்து ஒன்று. நல்ல வயரில் மாட்டிய டைனமிக் மைக்கை 48 வோல்ட் ஒன்றும் செய்யாது. ஆனாலும் மொத்த சுவிட்ச் என்றால் கண்டென்சர்களை ஒரு பக்கமும் டைனமிக்குகளை மறுபக்கமும் திட்டமிட்டு மாட்டுவது நல்லது.

அடுத்து வந்தது கரண்ட். இதற்காக நான் பட்ட பாடு பெட்டி தேடிப் பட்டதைவிட அதிகம். ஏப்ரல் கடைசி. எட்டு மைக்கையும் மாட்டி, யாரும் வாசிக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டேன். உய்ங் என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம், எல்லா ட்ராக்கிலும். 50 ஹெர்ட்ஸ். கேட்டுக் கேட்டுப் பழகியதில் இப்போது தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். வயர்களை மாற்றினேன், மைக்குகளை மாற்றினேன், போகவில்லை. எரிச்சலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். சத்தம் பாதிக்குமேல் நின்றுவிட்டது. திரும்பச் செருகினால் திரும்ப வந்தது. லேப்டாப்பின் உலோக விளிம்பைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு.

எலெக்ட்ரீஷியன் மாமா வந்தார். டெஸ்டரோடு பிளக்கைச் சுற்றிவந்தவர் கொல்லைக்குப் போய், முருங்கை மரத்தடியில் இருந்த எர்த் பள்ளத்தின் மூடியைத் தூக்கினார். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எர்த் கம்பி குழாயில் சேரும் இடத்தில் போல்ட் துருவேறிக் கையில் உதிர்ந்தது. "இது எர்த் இல்ல தம்பி, வேடிக்கைக்கு ஒரு கம்பி போட்டிருக்கு" என்றார். புது கிளாம்பு போட்டு, கரியும் உப்பும் புதிதாகக் கொட்டி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்ற ஊற்றக் குடித்தது அந்தப் பள்ளம். அன்று மாலை ரீங்காரம் கிட்டத்தட்டக் காணோம். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வாரம் ஒரு குடம் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து கொல்லை மண் ஈரமாகிவிட்டால் அந்த வேலையும் மிச்சம். மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்க்கிற ரெக்கார்டிங்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீங்காரம் போக வேண்டுமென்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உதட்டில் ஷாக் அடிக்கும், சமயத்தில் உயிருக்கே ஆபத்து. பெட்டி, லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பிளக்கிலிருந்து எடுப்பதும், ஸ்பீக்கருக்குப் பிளக்கில் இரண்டு வளையக் கோடு போட்ட பாலன்ஸ்டு வயர் போடுவதும் சரியான வழி. வீட்டு இன்வெர்ட்டரும் சதி செய்யும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் கொசு பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல் எல்லாவற்றிலும் ஏறும், சைன் அலை இன்வெர்ட்டர் அவ்வளவு படுத்தாது. நான் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்துக்கொண்டு, அன்று யாரையும் கூப்பிடுவதில்லை.

லேடன்சி, அதாவது வாசித்த சத்தம் கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனுக்கு வந்து சேரும் தாமதம் பற்றி மேளத்துக்குக் கவலையே இல்லை. யாரும் ஹெட்போன் போடுவதில்லை. பாட்டுக்காரர்கள் போட்டுக் கேட்பார்கள். கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் சேர்த்து வாங்குகிறது என்பதுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட். காற்றில் ஒரு மீட்டர் தூரத்தைச் சத்தம் கடக்கிற நேரம் கிட்டத்தட்ட அதுதான். போக, வர இரண்டு வழியும் சேர்ந்து, டிரைவரின் தாமதமும் கூடும். 1,024க்கு ஏற்றினால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட் ஆகிவிடும், பாடுகிறவர் தன் குரலே பின்னால் ஓடி வருவதாகச் சொல்வார். பெட்டிக்குள்ளேயே கலந்து நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங் இருந்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஹெட்போன் துளை இரண்டு இருந்து, இரண்டுக்கும் வேறு வேறு கலவை அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. பாடுகிறவருக்குத் தம்புரா தூக்கலாக வேண்டும், மிருதங்கக்காரருக்கு அது காதைத் துளைக்கும்.

நான் எப்போதும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான். எட்டு ட்ராக் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும். 96க்குப் போனால் அதுவே இரட்டிப்பு, என் காதுக்கு அதில் லாபம் ஒன்றும் தெரியவில்லை. அளவை எப்போதும் தாராளமாகக் கீழே வைக்கிறேன். ஒத்திகையில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு வந்தால், பதிவு விளக்கு எரிந்ததும் எல்லோரும் உற்சாகத்தில் இன்னும் ஒரு பிடி ஏற்றித்தான் வாசிப்பார்கள். 24 பிட்டில் குறைவாக எடுத்ததைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

கூடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஓட்டு வீடு, நடுவில் முற்றம். மேலே திறந்திருப்பதால் சத்தம் கொஞ்சம் வெளியே போய்விடும், அதுவரை நல்லது. உள்ளேயும் எல்லாம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி பதிவு என்ற பேச்சே கிடையாது, வயலில் தவளைகள் நடத்தும் கச்சேரிக்கு எட்டு சேனல் போதாது. குறுவைக் காலத்தில் பக்கத்து போர்செட். தை மாதத்தில் அறுவடை மெஷின். மதியம் இரண்டிலிருந்து நான்கரைவரை, சாப்பிட்டுவிட்டு ஊரே கண்ணயரும் நேரம்தான் எனக்கு வாய்த்தது. சுவரோரம் நெல் மூட்டை அடுக்கியிருந்த ஒரு மாதம் தவிலின் அடிநாதம் அதிராமல் அடக்கமாக வந்ததைக் கவனித்தேன். மூட்டைகளை விற்றதும் பழையபடி குமுறல். இப்போது அந்த மூலையில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்திவிடுகிறேன். மழைக்காலத்தில் மைக்குகளைச் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

புரட்டாசியில் ஐயா செட்டோடு திரும்ப வந்தார். இந்தத் தடவை நாகஸ்வர மைக்கை அதன் விரிந்த வாயான அணசுக்கு நேராக வைக்கவில்லை. பெரும்பாலான ஸ்வரங்கள் விரல் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. அணசு மட்டும் கேட்டால் பாதி ஸ்வரம் முன்னால் பாயும், பாதி பின்வாங்கும். மூன்றடி தள்ளி, சற்று மேலிருந்து துளைகளைப் பார்க்கும்படி வைத்தேன். தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் டைனமிக் மைக். ஒரு பக்கத்தை அடித்தால் தோல் உள்ளே போகும்போது மறுபக்கத் தோல் வெளியே வரும். அதனால் இரண்டு ட்ராக்கும் ஒன்றையொன்று தின்றுவிடலாம். சாஃப்ட்வேரில் ஒரு பக்கத்தின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்பினேன். காணாமல் போயிருந்த அடிநாதம் சட்டென்று வந்து உட்கார்ந்தது. முகம் தெரிய வேண்டுமே, எல்லோரையும் அரைவட்டமாகத்தான் உட்கார வைத்தேன். கொஞ்சம் சத்தம் கசிந்தால் கசியட்டும்.

வாசித்தார்கள். போட்டுக் காட்டினேன். எதிர்பார்த்தபடியே, "தவிலைக் கொஞ்சம் குறைச்சுடுங்க."

நான்கு தவில் ட்ராக்கையும் பிடித்து இறக்கினேன். இறங்கியது. முகம் சுளித்தார். "இல்ல, இப்ப செட்டு வாசிக்கற மாதிரி இல்ல. ஏத்துங்க." ஏற்றினேன். "இது ஜாஸ்தி." இப்படியே நாலைந்து தரம். அப்புறம் ஒரு யோசனையில் வலந்தலை ட்ராக்குகளை மட்டும் இறக்கி, கழி விழும் பக்கத்தைப் பழைய இடத்திலேயே விட்டேன். "அங்க! அங்கயே நிறுத்துங்க." ஆரம்பத்திலிருந்தே அவர் காதில் குத்தியது மொத்தத் தவிலும் இல்லை. கூடு விழும் அந்தச் சுள் மட்டும் கூடத்துச் சுவரில் பட்டுத் திரும்பியதுதான். அவருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் கேட்டுப் பிரிக்கத் தெரியவில்லை. தவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா என்னைத்தான் குறைக்கச் சொல்றாரு. ஒரு கையை மட்டும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

போன வாரம் தவில்காரரிடம் கற்றுக்கொள்ளும் பையன் சைக்கிளில் பென்டிரைவோடு வந்தான். அந்த மல்லாரியில் தவிலை எடுத்துவிட்டு நாயனம் மட்டும் வேண்டுமாம், அதோடு சேர்ந்து வாசித்துப் பழகப் போகிறானாம். தவில் ட்ராக்குகளையும் கூடத்து ஜோடியையும் மூடிக் காப்பி செய்து கொடுத்தேன். சுத்தமாகப் போகாது, நாகஸ்வர மைக்கில் கசிந்தது லேசாக இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன்.

"லேசாக் கேக்குதுண்ணே. பரவால்ல, நான் தப்பு விடற எடத்துல எல்லாம் அவர் கை தெரியுது."